அழுதால்தான் சோறு

மோகனூர் போகிற பாதையில், காவிரி அவ்வளவு பக்கத்தில் ஓடியும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறி வராத மேட்டுக்காட்டு ஊர் ஒன்றில் ராமாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவரும் கிடையாது. புருஷன் சின்னண்ணன் மட்டும் தப்பித்தார். கல்யாணமான மறுவருஷமே தனக்குக் காது மந்தம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். நாலு காடு தள்ளி யாராவது மாட்டுக்கு விலை பேசினால் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

ராமாயி கெட்டவள் இல்லை. யாருக்குப் பிரசவ வலி என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். போன இடத்தில் பெற்றவளைத் திட்டுவாள். பிறந்தது உடனே அழாவிட்டால் அதையும் திட்டுவாள். ஆனால் மற்றவர்கள் கோபத்தை அன்றன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிட, அவள் விதைக் கம்பு மாதிரி ஒரு பங்கை எடுத்துப் பத்திரப்படுத்தி வைப்பாள். அப்படி வைத்ததில் பெரிய பங்கு தம்பி கந்தப்பன் பேரில் இருந்தது.

கந்தப்பன் நாமக்கல்லுக்குத் தெற்கே, கோடையிலும் வற்றாத கிணறு வைத்திருந்த தோட்டக்காரன். தாய் சீக்கிரம் போய்விட்டதால் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் ராமாயிதான். அவள் கல்யாணமாகிப் போகும்போது வண்டிக்குப் பின்னால் ஓடி வந்து, முள்ளில் கால் வைத்து, அப்போதும் அழாமல் நின்றவன். அவன் கல்யாணத்தில் இணைச்சீர் அவளுக்கு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவளை உட்கார வைத்து, கூறைச் சேலையின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையை அவன் கையிலும் கொடுத்துச் செய்கிற சீர் அது. நாளைக்கு உனக்குப் பெண் பிறந்தால் என் மகனுக்கு உரிமை என்று அதற்கு அர்த்தம். மற்ற அக்காமார்கள் அதைச் சடங்கு என்று எடுத்துக்கொண்டு, சேலையை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ராமாயி கிரயம் பதிவானதாகவே எடுத்துக்கொண்டாள். கந்தப்பனுக்கு நல்லம்மாள் பிறந்ததும் தொட்டிலை எட்டிப் பார்த்து, "என்ற மருமவளுக்கு மூக்கு கொஞ்சம் சப்பை. போச்சாது, உடு" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள்.

நல்லம்மாள் வளர்ந்தாள். கந்தப்பன் அவளை ஓமலூர்ப் பக்கம், மோட்டார் பஸ் விடுகிற வீட்டில் கொடுக்க வெற்றிலை மாற்றிவிட்டான். ராமாயியின் மகன் வேலுசாமிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அவன் அடுத்த தையிலேயே வேறு இடத்தில் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டி என்று இருந்துவிட்டான். வருத்தம் முழுவதையும் அவன் அம்மா குத்தகைக்கு எடுத்துக்கொண்டாள். நிச்சயத்தன்று, சொந்தம் பந்தம் எல்லாம் கூடியிருக்க, தம்பி வாசலில் போய் நின்றாள்.

"ஏண்டா கந்தப்பா, என்ற பையனுக்கு என்னடா கொறை?"

கந்தப்பன் எப்போதும் எண்ணி எண்ணிப் பேசுகிறவன். "குடுக்க மாட்டன். போக்கா" என்றான்.

காரணம் கேட்டாள். அவன் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்த காரணம்தான். அது பெட்ரோல் நாற்றத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. ராமாயி குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி வாசலில் இறைத்தாள். "என்ற மூஞ்சியப் பாத்து நீ என்னைக்கு அழுவறயோ, அன்னைக்குத்தாண்டா இந்த ஊட்டுல சோறு திம்பன். அதுவரைக்கும் பச்சைத் தண்ணி தொட மாட்டன்."

சபதம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கந்தப்பன் அழுகிற ஆளா? பெற்ற தகப்பனைத் தூக்கும்போதே "எருதுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டவன். இது ராமாயிக்குச் சபதம் போடும்போது தோன்றவில்லை; வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் தோன்றியது. 'மன்னிப்புக் கேட்டால்' என்று சொல்லியிருக்கலாம், 'ஆளனுப்பினால்' என்றாவது சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய் மாற்றிச் சொன்னால் ஊர் சிரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள். அங்கே தண்ணீரைத் தேக்கினார்களே தவிர, அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்றும் ஓடவில்லை.

பிறகு ஒரு மாசி மாதக் காலையில், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டிக்கொண்டு வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்த கந்தப்பன் அப்படியே சரிந்து, எருது நடக்கிற வாரியில் விழுந்தான். வலது கையும் காலும் வரவில்லை. வாய் கோணிக்கொண்டது. ஊர் வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்க்கச் சொன்னார். சுற்றுவட்டாரத்துப் புறா எல்லாம் தீர்ந்த பிறகு கால் கொஞ்சம் வந்தது. அதை வைத்தியர் தன் கைராசி என்று சொல்லிக்கொண்டார். புத்தி வரவில்லை, அதற்குப் புறா சரியில்லை என்றார்.

நாமக்கல்லிலிருந்து டாக்டர் ஒருவரையும் வண்டி வைத்துக் கூட்டி வந்தார்கள். அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், பேர் கேட்டார், கிழமை கேட்டார். கந்தப்பன் எல்லாவற்றுக்கும் "எருதுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றே பதில் சொன்னான். டாக்டர் வெளியே வந்து, "தலைக்குள்ளே ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. கை கால் போனது உங்க கண்ணுக்குத் தெரியுது. உள்ளே போனது இனிமேல்தான் தெரியும். புத்தி நாளுக்கு நாள் தேயாது. இருக்கும், இருக்கும், திடீர்னு ஒரு படி இறங்கும். மறுபடியும் இருக்கும். அழுகை வந்தா மனசு வருத்தம்னு நினைச்சுக்காதீங்க, அது அவர் வசத்துல இல்லை" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வண்டி கிளம்பிய பிறகு, வாசலில் மண் வாரி இறைத்தவள் யார் என்று பேச ஆரம்பித்தார்கள்.

பேச்சு ராமாயி காதுக்கு வந்தது. "என்ற வாய்க்கு அத்தனை வலு இருந்தா உங்களையெல்லாம் உட்டு வெச்சிருப்பனா?" என்று வெளியே கேட்டாள். உள்ளே வந்து, அன்றைக்கு மண் எடுத்த கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பார்க்கப் போகவில்லை. அவனாகக் கூப்பிடட்டும் என்று இருந்தாள்.

அப்போதுதான் பக்கத்துக் காட்டுப் பெருமாயி வந்து சேர்ந்தாள். அவள் மகளைக் கந்தப்பன் ஊரில் கட்டிக் கொடுத்திருந்ததால், அங்கே நடப்பதைச் சுடச்சுட இங்கே இறக்குவது அவள் வேலை.

"அக்கா, உங்க தம்பி தேம்பித் தேம்பி அழுவறாருங்க. உங்க பேரைச் சொன்னனோ இல்லையோ, கண்ணுல தண்ணி கொட்டுதுங்க!"

அவள் சொன்னதில் பொய் இல்லை. கடலைக்காய் விலை இறங்கியதைச் சொன்னபோதும் கந்தப்பன் அழுதான். அவள் வெற்றிலை கேட்டபோதும் அழுதான். "வாரேனுங்க" என்று எழுந்தபோது இன்னும் பெரிதாக அழுதான். அதெல்லாம் எதற்கு என்று பெருமாயி விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் ராமாயி யாரையும் திட்டவில்லை. சின்னண்ணன் பயந்துபோய், காது மந்தத்தை மறந்து, "காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ற தம்பி திருந்திட்டானுங்க" என்றாள் ராமாயி.

சபதம் போட்டது சொந்தக்காரர்கள் முன்னால். அழுகையும் அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். ஒரு புதன்கிழமை, பங்காளிகள், உறம்பரை என்று சொந்தம் எல்லாருக்கும் சொல்லி அனுப்பி, சின்னண்ணனோடு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினாள். பெட்டியில் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். அழுகிறவனைச் சமாதானப்படுத்த என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே போனாள். 'அழுவாதடா' என்று உடனே சொல்லிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் அழ விட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

கந்தப்பன் பெண்டாட்டி பொன்னாயி அரிசிச் சோறாக்கி, கொள்ளுப் பருப்புக் கடைந்து, கச்சாயம் சுட்டு, இலையும் நறுக்கி வைத்திருந்தாள். வாசல் வேம்படியில் கயிற்றுக் கட்டிலில் கந்தப்பனை உட்கார வைத்திருந்தார்கள்.

முதலில் பங்காளி சின்னுசாமி போய் நின்றார். கந்தப்பன் அவரைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். வரப்புத் தகராறில் இவனிடம் அடி வாங்கியவர் அவர்; அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனுசன் மனசு வெண்ணெயா உருகிப் போச்சு" என்றார். அடுத்து வந்தவருக்கும் அழுதான். வண்டியோட்டிக்கும் அழுதான். எருதின் கழுத்து மணி கிணுகிணுத்தது, அதற்கும் அழுதான். சவரம் செய்ய வந்த ரங்கன் சொம்பைக் கீழே வைத்தான். சொம்பைப் பார்த்து அழுதான். கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாயியும் அதைப் பார்த்தாள். இருந்தாலும், வந்தது வந்தாயிற்று என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"கந்தப்பா."

அழுகை நின்றது. யாரோ மடையை அடைத்தது போல டக்கென்று நின்றது. கந்தப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தாடை இறுகியது. கோணிய வாய்கூட ஒரு நொடி நேரானது போல இருந்தது.

"குடுக்க மாட்டன். போக்கா" என்றான்.

இலைகளில் கச்சாயம் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பிடாமல் மற்றவர்கள் கை நனைக்க முடியாது. அந்தக் கவலை உறம்பரைக்கு. ஆளுக்கொரு பக்கம் கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு சொட்டு அழுதுருங்க மாமா!"

"இத்தனை நேரம் அழுதீங்களே, அதுல பாதி போதுமுங்க!"

சின்ன வெங்காயம் உரித்துக் கொண்டுவரலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். கந்தப்பன் அசையவில்லை. ராமாயி கால் மாற்றி நின்றுகொண்டு, "உங்களுக்குப் பசிச்சா நீங்க தின்னுங்க" என்று சொல்லிவிட்டு, பச்சைத் தண்ணீர் தொடாமல் வண்டியேறினாள். உறம்பரை உடனே உட்கார்ந்தது.

திரும்பும்போது பாதி வழியில் அவள் திடீரென்று சிரித்தாள். சின்னண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, பொன்னாயி சொன்னாளே, கேட்டீங்களா? காலையில அவளையே 'நீ எந்த ஊரு அம்மிணி'ன்னு கேட்டானாம். சின்னுசாமிய ஆருன்னு தெரியலை. என்னைப் பாத்து 'போக்கா'ங்கறானுங்க. என்னை அவனுக்குத் தெரியுது!"

அதற்குப் பிறகு ராமாயிக்குத் தம்பி வீட்டுக்குப் போவதே வேலையாகிவிட்டது. சந்தைக்குப் போகிற சாக்கில் ஆரம்பித்தது; பிறகு சாக்கும் தேவைப்படவில்லை. சபதம் சபதம்தான் என்பதால் போசியில் கம்பஞ்சோறும் சொம்பில் தண்ணீரும் கையோடு கொண்டு போவாள். வற்றாத கிணறு உள்ள வீட்டுக்கு, வறண்ட கிணற்றுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு கோடை வெயிலில் நடக்கிற ஒரே பெண்பிள்ளை அந்தப் பக்கத்தில் அவள்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களை நின்று திட்டிவிட்டுப் போனாள்.

அங்கே கந்தப்பன் இருந்த இருப்பு பார்க்கச் சகிக்காது. எருதுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்பான். ஆச்சு என்றால் மறுபடியும் கேட்பான். கடைசியில் தானே பார்க்கக் காலை இழுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போவான். போனவனுக்குத் திரும்ப வழி தெரியாது. தான் வெட்டி நட்ட கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பிறர் காட்டில் திருட வந்தவன் போல முழித்துக்கொண்டு நிற்பான். சட்டையைக் கொடுத்தால் காலில் மாட்டப் பார்ப்பான். தின்று கை கழுவியதும், இந்த வீட்டில் சோறு போட மாட்டேன் என்கிறார்கள் என்று வழியில் போகிறவர்களிடம் அழுவான்.

பொன்னாயிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இத்தனை வருசம் ஆக்கிப் போட்டனுங்க நங்கை. என்ற பேரு ஒண்ணு மட்டும் நெனப்பில்லைங்கறாரு" என்று நாத்தனாரிடம் சொல்லி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"ஆக்கிப் போட்டவளை ஆரு நெனப்பு வெச்சிருக்கறா? சண்டை போட்டிருக்கோணும் நீயி" என்றாள் ராமாயி.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. எல்லாரும் அவனிடம் குழந்தையிடம் பேசுவது போலக் குழைந்தார்கள், குழைந்தால் அழுதான். ராமாயி கட்டிலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, "ஏண்டா, பொண்ணு குடுக்கறயா இல்லையாடா?" என்று ஆரம்பித்தால் அந்தக் கண்ணில் பழைய கந்தப்பன் எழுந்து வருவான். நல்லம்மாளுக்குப் பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தினமும் நிச்சயதார்த்த நாள்தான். நேற்றுப் போட்ட சண்டை இன்றைக்கு நினைவில்லாததால், ஒவ்வொரு நாளும் புதுக் கோபத்தோடு மறுத்தான். ராமாயி அதே கோபத்தைப் பழைய சோறு மாதிரி பிழிந்து பிழிந்து வைத்துக்கொண்டு ஈடுகொடுத்தாள்.

ஒருநாள் அவன் ஒரு வாக்கியத்தோடு நிற்கவில்லை.

"பஸ்ஸுக்கு ஆசைப்பட்டுத்தானடா புள்ளைய அங்க தள்ளுனே?" என்று அவள் கேட்டாள்.

"பஸ்ஸு ஆருக்கு வேணும்?" என்றான் கந்தப்பன். வார்த்தைகள் குழறினாலும் புரிந்தன. "உன்ற ஊட்டுக் கெணத்துல தண்ணி ஏது அக்கா? கோடையானா அக்கட்ட ஊருக்குக் கொடந் தூக்கிட்டுப் போறயே, நான் பாக்கலீன்னா நெனச்சே? என்ற புள்ளையும் அப்படித் தூக்கோணுமா?"

இத்தனை வருஷமும் ராமாயி ஒரு மோட்டார் பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். "என்னை அங்க குடுக்கறப்ப அந்தக் கெணறு ஆரு கண்ணுக்கும் தெரியலியாடா?" என்றாள்.

கந்தப்பன் அவளையே பார்த்தான். "அப்ப நான் சின்னப்பையன் அக்கா" என்றான்.

ராமாயி போசியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அன்று வழியில் சிரித்தவர்களைக்கூடத் திட்டவில்லை. மறுநாள் போய், அதையே இன்னொரு முறை கேட்கும் ஆசையில், கிணற்றைப் பற்றி எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். அவனுக்கு எந்தக் கிணறும் நினைவில்லை. "குடுக்க மாட்டன். போக்கா" என்றான். அதுவும் போதும் என்று இருந்தது அவளுக்கு.

டாக்டர் சொன்ன அந்த ஒரு படி இறக்கம் அடுத்த ஆவணியில் வந்தது. கட்டுத்தறியில் நின்றவன் நின்றபடியே மடிந்து விழுந்தான். இந்த முறை வைத்தியர் புறாப் பேச்சே எடுக்கவில்லை. கை கால் பழையபடியே இருந்தது. எருதுக்குத் தண்ணி காட்டியாச்சா என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த வீட்டுக்கு, அது இல்லாமல் பொழுது போகவில்லை.

தகவல் கிடைத்ததும் ராமாயி வந்தாள். போசியைக் கட்டிலடியில் வைத்தாள். எதிரே குந்தினாள்.

"ஏண்டா கந்தப்பா, பொண்ணு குடுக்கறயா இல்லையாடா?"

கந்தப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவள் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இறுகவில்லை. உதடு நடுங்கியது. அவளைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தான். சின்னுசாமிக்கும், வண்டியோட்டிக்கும், ரங்கன் வைத்த சொம்புக்கும் அழுதானே, அதே அழுகை. ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"குடுக்க மாட்டன்னு சொல்லுடா" என்றாள் ராமாயி. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போக்கான்னு சொல்லுடா. சாமி, ஒருக்காச் சொல்லு."

அவன் இன்னும் அழுதான்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பொன்னாயிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நங்கை! அழுதுட்டாருங்க! உங்க மூஞ்சியப் பாத்தே அழுதுட்டாருங்க!" என்று கூவினாள். அவளுக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். அதை விட மனசில்லாமல் ஓடி இலை அறுத்து வந்தாள். தண்ணீர் தெளித்தாள். வீட்டில் இருந்த அரிசிச் சோற்றையெல்லாம் கொண்டுவந்து போட்டு, கொள்ளுப் பருப்பை ஊற்றினாள். "உக்காருங்க நங்கை. எத்தனை வருசத்துச் சபதமுங்க, செயிச்சுட்டீங்க" என்றாள்.

ராமாயி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கை கழுவினாள். பக்கத்தில் கட்டிலில் தம்பி விம்மிக்கொண்டிருந்தான். ஒரு கவளம் பிசைந்து முதலில் அவன் வாயில் ஊட்டினாள். எந்த ஊர் அம்மிணியோ ஊட்டுகிறாள் என்று அவன் வாங்கிக்கொண்டான். பிறகு அவளும் தின்றாள். பொன்னாயி மறுசோறு கொண்டுவந்து, "போடட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்பதால், ராமாயி போடச் சொல்லி இலையைக் காட்டினாள்.